எண்ணெய் குடித்த கிட்டார்

மத்தியானம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே இந்த வருஷத்து முதல் சாரல். மலைப் பக்கமிருந்து வந்த காற்று அடுப்படி ஜன்னலைத் தள்ளியது. அப்போது தலைக்கு மேலே டங்கென்று ஒரு சத்தம். கையிலிருந்த சுளகு சரிந்து அரிசி தரையெல்லாம் கொட்டிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் உங்கள் கிட்டார். ஆணியில் தொங்கியபடியே ஒரு கம்பியை அறுத்துக்கொண்டு, சுற்றியிருந்த சேலைக்கு வெளியே அதை மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

கூடவே அந்த வாசனையும் இறங்கி வந்தது. பழைய மரம், காய்ந்த எண்ணெய், கடலைமாவு. நீங்கள் போன பிறகு உங்கள் சட்டைகளைத் துவைக்காமல் மடித்து வைத்தேன். அப்படியும் அவற்றிலிருந்து உங்கள் வாசனை போய்விட்டது. தலையணையிலும் இல்லை. இது மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறது. ஈரக்காற்று பட்டதும் எடுத்துக் காட்டுகிறது, என் அடுப்படியிலேயே, என் தலைக்கு மேலேயே. எனக்கு வந்த கோபத்தை யாரிடம் போய்ச் சொல்ல? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கையெழுத்து, பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது எழுதவும் கை வரவில்லை. யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை உங்களோடு கிட்டார் வாசிக்க வருவாளே கிரேசி, அவள் இதைக் கேட்டாள். மகனும் மதுரையிலிருந்து போனில், "அந்த அக்காகிட்டயே குடுத்துருங்கம்மா, சும்மாத்தான தொங்குது" என்கிறான். கொடுத்தால், உங்கள் மார்போடு ஒட்டிக் கிடந்த சாமான் இன்னொருத்தி மடியில் போய் உட்காரும். கொடுக்காமல் வைத்தால், வாசிக்க ஆளில்லாமல் ஊமையாகிப்போகுமாம். ஊமையாகட்டுமே என்று ஒரு மனசு சொல்கிறது. இத்தனை வருஷம் அது பேசியது போதும், நான் கேட்டதும் போதும்.

அது வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கல்யாணமாகி நமக்கு முதல் அருவி சீசன். வாசுதேவநல்லூரிலிருந்து வந்த எனக்கு இந்த மேலகரம் இன்னும் பழகவில்லை. நீங்கள் அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கப் போவீர்கள், சீசன் இல்லாத மாதங்களில் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு கிட்டார் வாசிக்கப் போவீர்கள். அந்தக் கிட்டார் குழுவுக்குச் சொந்தம். கச்சேரி முடிந்தால் வேனில் ஏறிப் போய்விடும். அதனால் எனக்கும் அதற்கும் ஒரு சண்டையும் கிடையாது.

அன்றைக்குப் பூ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். நான் தலை சீவி, பின்னல் போட்டு, வாசலில் நின்றேன். நீங்கள் சைக்கிளின் பின்னால் எதையோ சாக்கில் சுற்றி, பிள்ளையைக் கட்டுவது போலக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தீர்கள். ஐந்தருவி ரோட்டில் ஒரு பழைய லாட்ஜை இடிக்கிறார்களாம். சாமான் அறையில் ஒடிந்த கட்டில்களோடு இதுவும் கிடந்ததாம். எந்தக் காலத்திலோ தங்க வந்த யாரோ விட்டுப்போனது. வெந்நீர் அடுப்புக்கு விறகாகப் போக இருந்ததைக் கேட்டு வாங்கி வந்தீர்கள்.

"பூ எங்க?" என்றேன்.

"இத மொதல்ல பாருளா. நம்ம ரெண்டு பேரு வயசையும் கூட்டுனாலும் இதுக்குப் பத்தாது."

உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தைப் பூச்சி தின்றிருந்தது. எந்த ஊரில் செய்தது, யார் செய்தது, ஒன்றும் தெரியவில்லை. முன்பக்கம் பூச்சு உதிர்ந்து மரம் வெள்ளையாகத் தெரிந்தது. வயிற்றில் மெல்லிய வெடிப்பு ஒன்று. நீங்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "வறண்டு போய்க் கெடக்குப் பாவம்" என்றீர்கள். பிறகு செய்தீர்கள் பாருங்கள் ஒரு காரியம், அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்யமாட்டார்கள். பாயை விரித்தீர்கள். மூலிகை எண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவரச் சொன்னீர்கள். கிட்டாரைக் குப்புறப் போட்டு, முதுகிலிருந்து ஆரம்பித்து, விலா, இடுப்பு, கழுத்து என்று தேய்த்தீர்கள். புரட்டிப் போட்டு வயிற்றுக்கும் தேய்த்தீர்கள். வெடிப்பில் விரல் நுனியால் தொட்டுத் தொட்டு வைத்தீர்கள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அப்படி ஒரு தேய்ப்பு கிடைத்ததில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கும் அதற்கும்.

மறுநாள் கம்பி மாட்டி வாசித்தீர்கள். ஈரச் சாக்கை அடித்த மாதிரி இருந்தது. உங்கள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? குழுவில் தபலா வாசிக்கிற சுடலை அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"என்னவே, கிட்டாருக்கு எண்ணெய்க் குளியலா போட்டீரு? அடுத்து அருவியில கொண்டுபோயி நிறுத்துவீரோ?"

"வறண்டு கெடந்துச்சு வே."

"அது வறண்டு கெடந்தாத்தானய்யா பேசும்! எத்தன வருசமா காஞ்ச கட்ட அது. காயக் காயத்தான் அதுக்குக் குரலு. நீரு ஒரே ராத்திரியில பச்ச மரமாக்கிட்டீரே!"

அதற்கும் உங்கள் தொழில் வைத்தியத்தையே செய்தீர்கள். எண்ணெய் எடுக்கக் கடலைமாவு. உலர்ந்த மாவைத் தூவி, துணியால் ஒற்றி, மறுபடி தூவி, ஊதி. பிறகு ஈரக்காற்று படாத இடம் வேண்டும் என்று சொல்லி என் அடுப்படியில் ஆணி அடித்தீர்கள். வீட்டிலேயே காய்ந்த இடம் அதுதானாம். என் ஊறுகாய் ஜாடி இருந்த இடம். ஜாடி கீழே இறங்கியது, அது மேலே ஏறியது. "சீசன் முடியுறவரைக்குந்தான்ளா" என்றீர்கள். எந்த சீசன் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

சாரல் நின்று வெயில் வந்த பிறகு அதற்குக் குரல் திரும்பியது. ஆனால் நடு ஓட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் குடித்த கறுப்பு அப்படியே நின்றுவிட்டது. சத்தத்திலும் அது தெரிந்தது. அடிக் கம்பிகளைத் தொட்டால், சளி பிடித்துத் தேறிய ஆள் பேசுகிற மாதிரி, ஓரத்தில் ஒரு கம்மல். வேறு ஆளாயிருந்தால் வருத்தப்பட்டிருப்பார். உங்களுக்கு அந்தக் கம்மல்மேல்தான் பிரியம். "ஊர்ல எத்தன கிட்டாரு இருக்கட்டும், இந்தத் தொண்டை இதுக்கு மட்டுந்தான்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னீர்கள். எனக்குக் கூடத்தான் ஒவ்வொரு சாரலுக்கும் தொண்டை கம்மும். அதற்குச் சுக்குக் கஷாயத்தோடு சரி.

அந்த நாளிலிருந்து எண்ணெய்க் கையோடு அதைத் தொடமாட்டீர்கள். அருவியிலிருந்து வந்ததும் வெந்நீர், கடலைமாவு. முழங்கை வரைக்கும் தேய்த்து, நக இடுக்கில் ஈர்க்குச்சி விட்டு, துணியில் துடைத்து, முகர்ந்து பார்த்து, அப்புறம்தான் ஆணியிலிருந்து இறக்குவீர்கள். கோயிலுக்குப் போகிறவன்கூட அப்படிக் கை கழுவமாட்டான். என்னைத் தொட மட்டும் அந்த எண்ணெய்க் கைதான். நெற்றி மயிரை ஒதுக்கினால் எண்ணெய், தோளைத் தட்டினால் எண்ணெய், புதுச் சேலையாக இருந்தாலும் எண்ணெய். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அதுக்கு மட்டும் சுத்தக் கை, எனக்கு எண்ணெய்க் கையா?"

"நீ எண்ணெய் பட்டா கெட்டா போயிருவ?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் நான் பதில் சொல்ல மறந்துவிட்டேன். பதில் பாத்திரம் கழுவும்போதுதான் வந்தது. அதற்குள் நீங்கள் வாசிக்க உட்கார்ந்துவிட்டீர்கள்.

அதைச் சுற்றி வைக்கத் துணி கேட்டீர்கள். பழைய வேட்டி கொடுத்தேன். அது சொரசொரப்பு என்று சொல்லி என் மஞ்சள் நூல் சேலையை எடுத்துக்கொண்டீர்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த சேலை. நான் வீட்டில் உடுத்த வைத்திருந்தது. கருவாட்டுக் குழம்பு வைத்தால், "கட்டையில வாசம் ஏறிரும்ளா, பின்னால முற்றத்துல வெச்சுக் காய்ச்சு" என்பீர்கள். மிளகாய் தாளிக்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவீர்கள். நான் அந்தக் கமறலில் நின்று இருமிக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுச் செண்பகத்துக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. "ஏட்டி, ஒஞ் சக்களத்தி எப்படி இருக்கா? மஞ்சச் சேலை அவளுக்கு எடுப்பாத்தான் இருக்கு" என்று சுவரைத் தாண்டிக் கேட்பாள். நானும் சிரித்துத்தான் வைப்பேன்.

கிரேசி வர ஆரம்பித்த பிறகு சிரிப்பும் போய்விட்டது. தென்காசியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறாள். யாரோ சொல்லி இந்தப் பழைய கிட்டாரைப் பார்க்க வந்தவள், பார்த்ததோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். தங்கமான பெண்தான். அண்ணாச்சி, மதினி என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். ஆனால் அவள் வந்து உட்கார்ந்ததும் நீங்கள் பேசுவீர்களே ஒரு பேச்சு! என்னிடம் சோறு, குழம்பு, தண்ணீர் வந்துச்சா, இவ்வளவுதான் உங்கள் பேச்சு. அவளிடம் மரத்தைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசுவீர்கள்.

ஒருநாள் அவள் தன்னுடைய கிட்டாரையும் கொண்டுவந்தாள். புதுசு, கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. ஒரே பாட்டை இரண்டிலும் வாசித்தீர்கள். நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன், காதை என்ன செய்வது?

"வித்தியாசம் தெரியுதாம்மா?" என்று கேட்டீர்கள்.

"தெரியுது அண்ணாச்சி. என்னுது பளிச்சுனு இருக்கு. ஆனா ஒடனே முடிஞ்சு போயிருது. இது அடிச்சதுக்கப்புறமும் நின்னு கேக்குது."

"புதுசுல கம்பி பேசும். பழசுல கட்டை பேசும். மரத்துல பாலும் பிசினும் இருக்குறவரைக்கும் அது தன் பாட்டப் பாத்துக்கிட்டிருக்கும். எல்லாம் காஞ்சு, உள்ள லேசான பெறகுதான் நாம சொல்லுதத வாங்கித் திருப்பிச் சொல்லும். ஆறு கம்பியையும் சேத்து அடிச்சுப் பாரு, ஆறும் தனித்தனியா கேக்குதா? கல்யாண வீட்டுக் கூட்டத்துலயும் நம்ம ஆளு கொரலு நமக்குத் தனியாக் கேக்கும் பாத்தியா, அந்த மாதிரி."

எனக்கும் கேட்டது. இல்லை என்று சொன்னால் பொய். அவளுடைய கிட்டார்ச் சத்தம் அடுப்படி வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. உங்களுடையது உள்ளே வந்தது. வந்து என் பித்தளைக் குடத்து மூடியைத் தொட்டது. ஏதோ ஒரு கம்பிக்கு மட்டும் அந்த மூடி லேசாக நடுங்கி ஙொய் என்று கூடவே பாடியது. மூடியைக் கையால் அமுக்கினேன். எடுத்ததும் மறுபடியும் பாடியது. என் கல்யாணச் சீராக வந்த குடம், அதுவும் அதன் கட்சிக்குப் போய்விட்டது.

அவள் போன பிறகு சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். "பழசாக ஆக அதுக்குக் குரல் கூடுமாம்லா. எனக்கு?"

நீங்கள் சோற்றைப் பிசைந்தபடி, "நீ கூப்பிடு, கேட்டுச் சொல்லுதேன்" என்றீர்கள். கேலி என்று நினைத்து ரசத்தை நங்கென்று வைத்தேன்.

கூப்பிடுவது என்றால், சாயங்காலச் சண்டையைச் சொல்ல வேண்டும். பொழுது அடைந்ததும் சோறு வடித்துவிடுவேன். நீங்கள் முற்றத்தில் கிட்டாரை வைத்துக்கொண்டு கம்பியை முறுக்கிக்கொண்டிருப்பீர்கள். அடுப்படியிலிருந்து கூப்பிடுவேன். "ஏங்க, சோறு ஆறுது, வாரியளா...?" கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். பதில் வராது. டொய்ங், டொய்ங் என்று கம்பி முறுக்குகிற சத்தம் மட்டும் வரும். மறுபடி கூப்பிடுவேன். "இன்னொரு தடவ கூப்பிடுளா" என்று குரல் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காது கேட்கிறது, ஆனால் எழுந்து வர மனசில்லை, கூப்பிடுகிறவளைக் கேலியும் பண்ணுகிறார் என்றுதானே நினைப்பேன்? மூன்றாவது தடவை நான் கூப்பிடுகிற கூப்பாட்டில் செண்பகம் வீட்டு நாய் குரைக்கும். அதற்கப்புறம் சிரித்துக்கொண்டே வருவீர்கள். ஆறின சோற்றை ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிடுவீர்கள். அதுவும் எனக்குக் கோபம்தான். குறை சொன்னால் அதைச் சாக்காக வைத்துத் திட்டலாமே.

முதல் கூப்பாட்டுக்கு நீங்கள் வந்ததே இல்லை. அது உங்களைப் பிடித்து உட்கார்த்தி வைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சாய்ந்த அன்று காலையில் அருவிக்குக்கூடப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்னே முடிந்துவிட்டது. வீட்டில் கூட்டமாக ஆள் நிற்கும்போது சுடலை அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தாயி, அவன் அது இல்லாம இருக்கமாட்டான். கூடவே வெச்சு அனுப்பிருவமா?" என்றார். ஆணியில் தொங்கியதைக் காட்டித்தான் கேட்டார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ! "வேண்டாம். அங்கயும் அதுகூடயே இருப்பாவளோ?" என்றேன். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. புருஷன் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்து எல்லாரும் இன்னும் அழுதார்கள். ஞாபகமும் இல்லை, ஒன்றும் இல்லை. நீங்கள் போகிற இடத்துக்கு நான் வர முடியாதபோது அது மட்டும் எப்படி வரலாம்? இரண்டு பேரும் இங்கேயே கிடப்போம் என்றுதான் நிறுத்தினேன்.

கருமாதி முடிந்ததும் கிரேசி வந்து கேட்டாள். "மதினி, வாசிக்காம வெச்சா கட்டை மறந்துரும். கொஞ்சங் கொஞ்சமா ஊமையாயிரும். நான் வேணா வெச்சுப் பாத்துக்கிடட்டுமா?"

"அது அங்கனயே கெடக்கட்டும்" என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் வரும்போதெல்லாம் ஆணியைப் பார்த்துவிட்டுப் போவாள்.

அப்புறம் ஒருநாள் வீட்டைச் சுத்தம் பண்ணும்போது ஒன்று கண்ணில் பட்டது. வாசல் நிலையில், நீங்கள் உள்ளே வரும்போது கை ஊன்றுகிற இடத்தில், எண்ணெய் ஏறி மரம் கறுத்திருக்கிறது. கட்டில் தலைமாட்டில் ஒரு கறை. என் மூன்று சேலைகளில் தோள்பக்கம் கறை, எந்தச் சோப்புக்கும் போகாதது. கிட்டாரை இறக்கிப் பார்த்தேன். அந்த முதல் நாள் கறுப்பைத் தவிர ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கழுத்தில் உங்கள் கட்டைவிரல் தேய்ந்த இடம் வழவழவென்று சுத்தமாக இருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். உழைத்த கை எனக்கு, கழுவின கை உனக்கு என்று அதனிடமே சொன்னேன். அன்றைக்கு ஒருநாள் நன்றாகத் தூங்கினேன்.

இப்போது கம்பியை அறுத்துக்கொண்டு நின்றதும், பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் அரிசியைக் கூட்டி அள்ளினேன். முடியவில்லை. ஒன்று அறுந்தால் மற்றதெல்லாம் ஒருபக்கமாக இழுக்கும், சாரல் நேரத்தில் வயிறு உப்பிக் கழுத்து வளைந்துவிடும் என்று நீங்கள் சொன்னது காதிலேயே நின்றது. உங்கள் சொல்லுக்காகத்தான், அதற்காக இல்லை. கிரேசிக்குப் போன் போட்டேன்.

நனைந்துகொண்டே வந்தாள். தொடப் போனவளை நிறுத்தி, வெந்நீரும் கடலைமாவும் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். பழைய கம்பிகளையெல்லாம் கழற்றி, புதுசு மாட்டினாள். அது அவள் மடியில் வாகாகச் சாய்ந்துகொண்டது. கழுத்தில் உங்கள் விரல் தேய்ந்த இடத்தில் அவள் விரல் போய்த் தானாக உட்கார்ந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

கம்பியை முறுக்கப் போனவள் நின்றாள். கையில் போன் இருந்தது, அதில் சுருதி பார்க்கிற ஏதோ ஒன்று ஓடியது. அதை அணைத்துக் கீழே வைத்துவிட்டாள்.

"மதினி, ஒரு தடவ கூப்பிடுங்களேன்."

"யாரக் கூப்பிட?"

"அண்ணாச்சியத்தான். சோத்துக்குக் கூப்பிடுவியள்ல, அந்த மாதிரி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எரிச்சலாகக்கூட வந்தது. "என்னட்டி வெளையாடுதியா?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்குத் தெரியாதா மதினி?" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எல்லாரும் வெக்கிற சுருதியில வெச்சா இந்தப் பழைய கழுத்து தாங்காது. கொஞ்சம் எறக்கித்தான் வெக்கணும். எவ்வளவு எறக்கணும்னு அண்ணாச்சி எதையும் வெச்சுப் பாக்கமாட்டாவ. ஒருநா இது எந்தச் சுருதின்னு கேட்டேன். எங்க வீட்டுச் சுருதின்னாவ. நீங்க 'வாரியளா'ன்னு இழுப்பியள்ல, அந்த இழுப்பு எங்க போயி நிக்குதோ, அங்கன மூணாம் கம்பிய நிறுத்துவாவ. மத்தது எல்லாம் அதுலருந்துதான். ஒரு தடவையில பிடிபடாது, ரெண்டு மூணு தடவ கூப்பிட்டாத்தான் சரியா நிக்கும்னு சொல்லிச் சிரிப்பாவ."

கிரேசி மூன்றாம் கம்பியை விரலால் தடவினாள்.

"வருசா வருசம் கொஞ்சங் கொஞ்சமா எறங்கிக்கிட்டே வந்துச்சு மதினி. ஏன் அண்ணாச்சின்னு கேட்டா, ஒங்க மதினிக் கொரலு அடிக்கு எறங்குதுலா, இப்பத்தான் நல்லா ஆயிருக்குன்னாவ."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை என்னிடம் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. மருந்துக்கடைப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம், தெரிந்துகொள்ளுங்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் சலிக்காமல் கூப்பிட்டிருப்பேனே. மூன்று என்ன, முப்பது தடவை கூப்பிட்டிருப்பேன். நல்ல குரலில் கூப்பிட்டிருப்பேன். நீங்கள் எடுத்துக்கொண்டதெல்லாம் என் எரிச்சல் குரலல்லவா! அதை வைத்தா அத்தனை பாட்டையும் வாசித்தீர்கள்?

"போன்லயே வெச்சுரட்டுமா மதினி?" என்றாள் கிரேசி. "ஆனா அது ஊருக்கெல்லாம் உள்ள சுருதி."

"வேண்டாம்" என்றேன்.

அடுப்படியில் எப்போதும் நிற்கிற இடத்துக்குப் போனேன். முற்றத்துப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். தொண்டையில் சாரல் கம்மல். நீங்கள் போன பிறகு அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. சொல்ல ஆளில்லை. ஒருத்திக்கு வடிக்கிற சோற்றுக்கு யாரைக் கூப்பிட?

"ஏங்க, சோறு ஆறுது, வாரியளா...?"

பாதியில் உடைந்துவிட்டது. கம்பி எங்கேயோ தேடி அலைந்தது. கிரேசி தலையைக் குனிந்தபடி, "இன்னொரு தடவ கூப்பிடுங்க மதினி" என்றாள். உங்கள் வார்த்தை, அவள் வாயில். இரண்டாவது தடவை கொஞ்சம் நின்றது. மூன்றாவது தடவை வழக்கம்போலக் கோபம் வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன். செண்பகம் வீட்டு நாய் குரைத்தது. கம்பி வந்து என் குரலோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

பிறகு அவள் வாசித்தாள். உங்கள் கை இல்லை, அது வேறு. ஆனால் கட்டை உங்களுடைய கட்டைதான். அந்தக் கம்மல் அப்படியே இருந்தது. என் குடத்து மூடியும் நடுங்கிப் பாடியது. இந்தத் தடவை நான் அமுக்கவில்லை.

கிட்டாரை அவளுக்குக் கொடுக்கவில்லை. என் சுருதியில் இருக்கிற சாமானை நான் எதற்கு வெளியே கொடுக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை வந்து இங்கேயே வாசித்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கென்று ஒரு டப்பாவில் கடலைமாவு எடுத்து வைத்தாயிற்று. ஊறுகாய் ஜாடி கீழேயே இருக்கட்டும். மஞ்சள் சேலையை மட்டும் துவைத்து எடுத்துக்கொண்டேன், அதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. அதற்கு உங்கள் வேட்டி போதும், சொரசொரப்பாக இருந்தால் இருந்துகொள்ளட்டும்.

பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் மார்புச் சூடு அதற்குக் கிடைத்த அளவு எனக்குக் கிடைக்கவில்லை, அந்தக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. உங்கள் வாசனையை இன்னும் அதுதான் வைத்திருக்கிறது. ஆனால் என் குரலையும் அதற்குள்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதை எடுக்க நான் அதனிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

இதை எழுதி முடிக்க ஒரு வாரமாகிவிட்டது. இப்போதெல்லாம் பொழுது அடைந்து சோறு வடித்ததும், அதன்மேல் சுற்றிய வேட்டியை விலக்கிவிட்டு, அடுப்படியில் நின்று கூப்பிடுகிறேன். ஆணியில் தொங்குகிற கிட்டாரில் யார் கையும் படாமல் மூன்றாம் கம்பி மெல்ல அதிர்ந்து அடங்குகிறது. நீங்கள் எழுந்திருக்காத முதல் கூப்பாட்டுக்கே அது பதில் சொல்லிவிடுகிறது. தட்டை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலைப் பார்க்கிறேன். சாரல் மட்டும்தான் உள்ளே வருகிறது. நீங்கள் வராததற்கு இனிமேல் அதன்மேல் பழி போட முடியவில்லை.